அச்சமா, அன்பா? லூத்தர் போட்ட வரிசை

சுவிசேஷம் சொல்லப் போகிறவர் எதில் ஆரம்பிக்கணும்? "நீ பாவி" என்றா, "கடவுள் உன்னை நேசிக்கிறார்" என்றா? இந்தச் சண்டை 1527-லேயே லூத்தரின் ஆட்களுக்குள் நடந்திருக்கிறது. சாக்சனியின் ஊர்ச் சபைகளைச் சோதிக்க மெலாங்க்தன் எழுதிய விதிகள், மனந்திரும்புதலுக்காக நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கச் சொல்லின. அக்ரிகோலா எதிர்த்தார். தண்டனைக்குப் பயந்து திருந்துவது திருந்துதலே அல்ல, அது அன்பிலிருந்து வரணும் என்பது அவர் கட்சி. முதலில் படித்தபோது நானும் அவர் பக்கம்தான்.

டோர்காவில் இருவரையும் உட்காரவைத்து லூத்தர் சமாதானம் செய்தார். பிறகு அவரே ஊர்களுக்குப் போய்ப் பார்த்தால், ஜனங்களில் பலருக்குப் பத்துக் கட்டளையே தெரியவில்லை. 1529-இல் வந்த அவரது சிறிய ஞானோபதேசத்தில் கட்டளைகள் முதலில், விசுவாசப்பிரமாணம் அடுத்து, பரமண்டல ஜெபம் பிறகு. இந்த வரிசைக்கான காரணத்தை 1520-லேயே சொல்லியிருந்தார்: நோயாளிக்கு முதலில் நோய் தெரியணும், பிறகு மருந்து எங்கே இருக்கிறதென்று, பிறகு அதைக் கேட்டு வாங்கணும். (எர்ரர் மெசேஜ் வராத ப்ரோக்ராமை யாரும் திருத்த உட்காருவதில்லை. என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான்.)

ஆனால் கவனியுங்கள், அதே நூலில் ஒவ்வொரு கட்டளையின் விளக்கமும் கடவுளுக்கு அஞ்சவும் வேண்டும், அவரை நேசிக்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அக்ரிகோலாவுக்கு அது போதவில்லை. 1537-இல் மறுபடி கிளப்பினார். 1540-இல் விட்டன்பெர்க்கை விட்டே பெர்லினுக்குப் போய்விட்டார்.