நம்ம ஃபைலை நாமே கொடுக்க முடியாதா?

லினக்ஸ்ல நீங்களே உருவாக்கின ஒரு ஃபைலை நண்பர் பேருக்கு மாத்திப் பாருங்க. 'ச்சோன்' கட்டளையை அடிச்சதும் அனுமதி இல்லைன்னு பதில் வரும். முன்னாடி 'சூடோ' போட்டு ரூட் அதிகாரத்தோட ஓட்டினாத்தான் வேலை நடக்கும். ஃபைல் என்னோடது, நான் கொடுக்கிறேன். இதுல சிஸ்டத்துக்கு என்ன பிரச்சினை?

பதிலுக்கு 1971-க்குப் போகணும். நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு அந்த நவம்பரில் வந்தது. 'சேஞ்ச் ஓனர்' என்பதன் சுருக்கமான ச்சோன் அதிலேயே இருக்கு. அப்போ சொந்தக்காரரே தன் ஃபைலை இன்னொருத்தருக்குத் தாராளமா கொடுக்கலாம். ஒரே ஒரு தடை: 'செட்-யூஐடி' போட்ட ஃபைலைக் கொடுக்க முடியாது.

செட்-யூஐடின்னா, யார் ஓட்டினாலும் அந்த புரோகிராம் சொந்தக்காரரோட அதிகாரத்தில்தான் ஓடும். நான் அப்படி ஒண்ணு எழுதி, அதை உங்க பேருக்கு மாத்திட்டு, நானே ஓட்டினா? உங்க ஃபைல் எல்லாம் என் கையில். அந்தக் கையேடே இதை 'ட்ரோஜன் குதிரை'ன்னு சொல்லுது. 1971-லேயே!

1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் கதவு மொத்தமா மூடியிருந்தது. ச்சோன் ரூட்டுக்கு மட்டும்தான். காரணம் திருட்டு பயம் இல்லை, கணக்கு. டிஸ்க் இடம் அப்போ தங்கம் மாதிரி. என் பெரிய ஃபைலை உங்க பேருக்கு மாத்திட்டா, இடத்தைப் பிடிச்சது நான், கணக்கு ஏறுறது உங்க தலையில. சரியான காரணம்தான். ஆனா அப்படி ஒரு கணக்கு முறையே இன்னும் இல்லைன்னு அதே வரியில் அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்காங்க! எனக்கு ரொம்பப் பிடிச்ச யூனிக்ஸ் குறும்பு இதுதான்.

1983-ல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி நிஜமாவே டிஸ்க் கோட்டா கொண்டுவந்தது. ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் மட்டும் ஃபைலைக் கொடுக்க விட்டது. 1988-ல் வந்த போசிக்ஸ் தரநிலை ரெண்டு வழிக்கும் இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. லினக்ஸ் கறாரான வழியை எடுத்தது.

குரூப் விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை. நீங்க இருக்கிற எந்தக் குரூப்புக்கும் உங்க ஃபைலை மாத்தலாம், ரூட் தேவையில்லை. ஒருத்தர் ஒரே நேரத்தில் பல குரூப்பில் இருக்கும் வசதியும் 4.2 பிஎஸ்டி தந்ததுதான். அதனால நண்பரும் நீங்களும் ஒரே குரூப்பில் இருந்தா, ஃபைலை அந்தக் குரூப்புக்கு மாத்தி, எழுதும் அனுமதியும் கொடுத்துடுங்க. இடம் பிடிச்ச கணக்கு மட்டும் உங்க பேர்லயே நிற்கும்.