மின்சாரம் எட்டாத லயத்தில் ஒரு மின்கிட்டார்

கடந்த ஆண்டு தெல்தோட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. குவைத்தில் வேலை செய்யும் மூத்தவன் அனுப்பிய பணத்தில் இளையவன் தருவித்தது. உள்ளே கிட்டார் இல்லை. கிட்டார் ஆகக்கூடிய பொருள்கள் இருந்தன. வண்ணம் பூசாத உடற்பலகை, மெட்டுகள் பதித்த கழுத்து, ஆறு பிருடைகள், உலோகக் குதிரை, 'பிக்கப்' எனப்படும் காந்தச் சுருள்கள் மூன்று, சிறு பையொன்றில் திருகாணிகள், கொஞ்சம் வயர். (மெட்டு, பிருடை, குதிரை எல்லாம் வீணைக்காரரின் சொற்கள். அவை இங்கே அப்படியே பொருந்தும்போது வேறு சொல் தேடுவானேன்?)

"மாமா, ஒரு கிழமை வந்து நில்லுங்க, சேர்ந்து பூட்டுவோம்" என்றான் மருமகன். முப்பது ஆண்டுகளாகப் பிறர் செய்ததைக் கேட்டு எழுதிப் பிழைத்தவன் நான்; என் கையால் ஓர் ஆணி ஒழுங்காக அடித்ததில்லை. ஆயினும் போனேன். அந்த வீட்டுப் பரணில் வேறொரு கிட்டார் ஐம்பது ஆண்டுகளாகக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அதைச் செய்யத் தொடங்கியவர் என் பெரியம்மாவின் மகன். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். 1975இல் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் பழுதுபார்ப்பவருக்கு உதவியாள். எனக்கு 7 வயது. அந்நியச் செலாவணி இல்லாத காலம். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவுக்கும் அரிசிக்கும் தோட்டங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அந்நாட்களில் ஒரு தொழிலாளியின் மகன் மின்கிட்டார் வாங்க நினைத்தான் என்றால் சிரிப்பார்கள். ஆனால் ஆசைக்குக் காரணம் இருந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தன 1960களின் நடுப்பகுதியிலேயே சிங்கள மெல்லிசைக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்துவிட்டார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பற்றரி வானொலியில் அவை எங்கள் இஸ்தோப்பு வரைக்கும் வந்தன. மின்சாரம்தான் வரவில்லை. தொழிற்சாலைக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் இருந்த மின்சாரம் எங்கள் லயத்தை எட்டவில்லை. மின்சாரமில்லாத லயத்தில் இருந்துகொண்டு மின்கிட்டார் செய்யப் புறப்பட்டார் அண்ணன்.

உடலுக்குப் பலாப்பலகை. வீணைக்கும் அதே மரம் என்று பிறகு அறிந்தேன். அவருக்கு அது கிடைத்த மரம், அவ்வளவே. காந்தம், தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தொலைபேசியின் காதுக்குழாயிலிருந்து எடுத்தது. சுருளுக்கு மயிரிழை போன்ற செப்புக்கம்பி வேண்டும். மோட்டார் கம்பி தடிப்பு. பழுதான வால்வு வானொலி ஒன்றின் ட்ரான்ஸ்போமரைப் பிரித்துக் கைத்துளைப்பானில் சுற்றினார். ஆயிரக்கணக்கான சுற்றுகள். கம்பி அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து. 'எண்ணிக்கை தப்பிவிடும், பேசாதே' என்று என்னை அதட்டியது நினைவிருக்கிறது.

ஒரு நாள் இரவு, கணக்கப்பிள்ளை வீட்டு வானொலியின் பின்புறத்தில் கிராமபோனுக்காக இருந்த துளையில் வயரைச் செருகி, பலகையில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பியைத் தட்டினார். வானொலிப் பெட்டியிலிருந்து 'டொங்' என்று ஒரு சத்தம் வந்தது. கழுத்து வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. அது முடியவே இல்லை.

காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வட்டம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

இல்லாமையில் பிறந்த இந்தக் கைவேலைக்கு இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடன் சுமையில் பிரித்தானியா 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. எங்கள் நாட்டின் 1970களைப் போலத்தான். 1956இல் லொனி டொனகன் பாடிய பாட்டொன்று நாடெங்கும் பரவ, பள்ளிப் பையன்கள் கிடைத்ததைக் கொண்டு வாத்தியம் செய்தார்கள். அவற்றுள் பேர்பெற்றது தேயிலைப் பெட்டி. காலிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ஒரு விளக்குமாற்றுக் கம்பை நிறுத்தி, ஒற்றைக் கயிற்றை இழுத்துக் கட்டினால் தாழ்சுருதி வாத்தியம் தயார். 1957 யூலை 6ஆம் திகதி லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில் ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தபோது, லெனனின் குழுவில் இருந்ததும் தேயிலைப் பெட்டிதான்.

அந்தப் பெட்டிகள் எங்கிருந்து போயின? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். தெல்தோட்டையிலிருந்து மேலே ஏறினால் லூல்கந்துர தோட்டம் வரும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். 1873இல் இலண்டனுக்குப் போன முதல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். பின்னர் அது கோடி இறாத்தல்களாகப் பெருகியபோது, ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வந்தன. ஒரு காலத்தில் அப்பலகை எஸ்தோனியாவிலிருந்தெல்லாம் கப்பலேறி இலங்கைக்கு வந்து, தேயிலையைச் சுமந்துகொண்டு இலண்டனுக்குப் போனது. ஓரங்களில் தகரப்பட்டி அடித்து, தோட்டத்தின் பெயரை மையால் பொறித்திருப்பார்கள். லிவர்பூல் பையன்கள் காலால் மிதித்துக்கொண்டு வாசித்த பெட்டிகளில் எந்தெந்தத் தோட்டத்தின் பெயர் இருந்ததோ! எங்கள் பக்கத்தில் மிஞ்சிய பெட்டிப் பலகையால் லயத்து அறைகளை மறித்துக்கொண்டோம். எனக்கும் தங்கைக்கும் நடுவே இருந்த சுவர் அதுதான்.

தடை நீங்கிய 1959இல் ஹேங்க் மார்வினுக்காக ஒரு ஸ்ட்ரட்டோகாஸ்டர் கிட்டாரை அமெரிக்காவிலிருந்து தருவித்தவர் கிளிஃப் ரிச்சர்ட். அவர் லக்னோவில் பிறந்தவர் என்பது உபரிச் செய்தி. வாங்க வசதியில்லாதவர்கள் தடை நீங்கிய பின்னும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1963இல் இலண்டன் புறநகரில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர் மின்னணுப் பொறியியல் அறிந்த தந்தையோடு சேர்ந்து, நூறாண்டு பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டத்திலிருந்து கிட்டாரின் கழுத்தைச் செதுக்கினார். மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில், சைக்கிளின் பைதாங்கிக் கம்பி, தாயின் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள் என்று எல்லாம் அதற்குள் போயின. 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான். அதைப்பற்றிப் புத்தகமே இருக்கிறது.

இந்த வாத்தியத்தை மட்டும் சிறுவர்கள் வீட்டில் செய்ய முடிந்தது எப்படி? வயலினையோ வீணையையோ அப்படிச் செய்துவிட முடியாது. அங்கே குடத்தின் வளைவும் மரத்தின் கனமும்தான் நாதம். மின்கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் பிடித்து மின்னோட்டமாக்கிவிடுகிறது. உடல் வெறும் பலகையானாலும் குடி முழுகிப் போகாது. 1930களிலேயே இது தெரிந்திருந்தது. அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நாலு திருகாணிகளால் பூட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். மருமகனின் பெட்டியிலிருந்த நாலு நீளத் திருகாணிகளின் பூர்வீகம் அதுதான்.

பரணிலிருந்து அண்ணனின் கிட்டாரை இறக்கினோம். பலகையை உளுக்கவில்லை. கழுத்தில் பென்சில் கோடுகள் இருந்தன, மெட்டுகள் இல்லை. மருமகன் கோடுகளை அளந்துவிட்டு, "மாமா, இது பிழையான கணக்கு" என்றான். மீதி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து ஒவ்வொரு மெட்டாக வைத்துக்கொண்டு போயிருக்கிறார். சரியான எண் 17.817. தம்புக்கும் குதிரைக்கும் இடையே 648 மில்லிமீற்றர் என்றால், பன்னிரண்டாவது மெட்டு நட்டநடுவில் விழவேண்டும். பதினெட்டுக் கணக்கில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தவறிவிடும். காதுக்கு அது தெரியும். ஆனால் அது அறிவிலியின் பிழை அல்ல. 1581இல் வின்சென்சோ கலிலி தம் நூலில் எழுதிய கணக்கு அது. வானியலறிஞர் கலிலியோவின் தந்தை அவர். நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் அதைக்கொண்டுதான் மெட்டு வைத்தார்கள். அண்ணனுக்கு யார் சொன்னார்களோ!

புதிய கிட்டாரின் மரவேலை இரண்டு நாளில் முடிந்தது. மெருகுக்குத்தான் ஒரு மாதம் போயிற்று. மருமகனுக்குக் காருக்கு அடிக்கும் நீல வண்ணம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், "அரக்குப் பொலிஷ் போடுங்க தம்பி, கையால போடலாம்" என்றார். நான் தச்சரின் கட்சி. அதற்கு ஒரு காரணம் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் அவர் கண்டி நாட்டின் அரக்கு வேலையை விரிவாக எழுதியிருக்கிறார். சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து நகத்தால் பதிக்கும் மாத்தளைப் பக்கத்துக் கைவேலை அதிலே வருகிறது. மலிவான இறக்குமதிப் பொருள் கைவினைஞனைக் கொல்கிறது என்பது அவரது வாழ்நாள் வழக்கு. கிராமபோனையும் ஆர்மோனியத்தையுமே பொறுக்காதவர், மின்கிட்டாரைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் சீனத்துப் பெட்டியில் வந்த பலகையை வைத்துக்கொண்டு ஒரு தெல்தோட்டைப் பையன் தச்சரிடம் பாடம் கேட்டதை அவர் அவ்வளவு வெறுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

120ஆம் இலக்க உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்தோம், மரத்தின் ஓட்டத்தோடு. குறுக்கே தேய்த்தால் கீறல் பொலிஷுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தது, மீண்டும் தேய்த்தோம். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய படலங்களாகப் பூசவேண்டும். பாண்டவருக்கு மாளிகை கட்டிய அதே பூச்சியரக்குத்தான். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பொலிஷ் பால்போல வெளுத்துப்போயிற்று. "வெயில் வரட்டும், அவசரப்படாதீங்க" என்று தச்சர் போய்விட்டார். தெல்தோட்டையில் வெயிலுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று அவ்வூர்க்காரருக்குத் தெரியும்.

அந்த மழை நாட்களில்தான் அண்ணனின் சுருளைச் சோதித்தோம். மல்டிமீற்றரில் உயிரில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோது, வெளிமுனையில் ஈயம் பற்றவைத்த இடத்தில்தான் கம்பி அறுந்திருந்தது. ஒரு சுற்றை அவிழ்த்துப் புதிதாகப் பற்றவைத்தான் மருமகன். நாலாயிரத்துச் சொச்சம் ஓம் காட்டியது. அரைநூற்றாண்டுக்கு முன் சுற்றிய கம்பி உள்ளே எங்கும் அறவில்லை. பிளாஸ்டிக் தகட்டின் துளையை அரத்தால் அகலப்படுத்தி, கழுத்தோரம் இருக்கவேண்டிய சுருளுக்குப் பதிலாக அதை வைத்தோம்.

அண்ணனின் கழுத்து வேலை முடியாமல் போன காரணம் இதுதான். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா, எங்களுக்கு இலங்கை. 1976இல் அவர்களது பயண நாள் வந்துவிட்டது. தலைமன்னாருக்குப் போகும் அந்த இரயிலை எங்கள் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். சட்டி பானையே ஏற்ற இடமில்லாதபோது ஒரு பாதிக் கிட்டாரை யார் கட்டிக்கொண்டு போவார்கள்? "பத்திரமா வை, வந்து எடுத்துக்கிறேன்" என்று என் தகப்பனாரிடம் கொடுத்தார். கோத்தகிரிப் பக்கம் குடியேறி, மின்வேலை பார்த்து, இப்போது ஓய்வாக இருக்கிறார். வந்து எடுக்கவில்லை. அங்கே வேறொன்று செய்யவும் இல்லை.

வெயில் வந்து, பொலிஷ் முடிந்து, கம்பி பூட்டிய அன்று மாலை அவரைக் கைத்தொலைபேசியில் அழைத்து, எந்தச் சுருள் என்று சொல்லாமல் மருமகனை வாசிக்கச் சொன்னேன். ஒலி மெலிவாகத்தான் இருந்தது. கூடவே ஓர் இரைச்சல்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, அந்த வயர் செருகுற இடத்து உலோகத்தைத் தொட்டா இரைச்சல் குறையுதா?"

"குறையுது பெரிய மாமா."

"கம்பியைத் தொட்டா?"

"இல்ல."

"அப்ப குதிரைக்கு எர்த் குடுக்கல. கழட்டிப் பாரு."

கழற்றிப் பார்த்தோம். குதிரைக்கு வயர் போகத் துளையே போட்டிருக்கவில்லை. தச்சரின் துளைப்பானை இரவல் வாங்கிவந்து துளையிட்டு, ஒரு சாண் வயரைப் பற்றவைத்தபோது இரவு ஒன்பது மணி. இரைச்சல் அடங்கிவிட்டது. அவர் அதுவரை தொலைபேசியை வைக்கவில்லை.