குடிநோயும் டோபமின் ஏற்பி மரபணுவும்: ஒரு கருதுகோளின் வரலாறு (1990–2023)

முன்னுரை

குடிநோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. மதுவுக்கு அடிமையாகும் இயல்பில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபுவழிப்பட்டது என இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றன. அதற்குக் காரணமான மரபணுக்களைத் தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டவற்றுள் ஒன்று, மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினின் டி2 ஏற்பிக்குரிய மரபணு. அக்கருதுகோள் எழுந்ததையும், ஆட்டங்கண்டதையும், திருந்திய வடிவில் நிலைபெற்றதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்முனை பதித்தனர். நெம்புகோலை அழுத்தினால் மூளையில் மின்தூண்டல் கிடைக்கும் என்று கண்டுகொண்ட எலிகள் அதை ஓயாமல் அழுத்தின. இத்தகைய நாட்டத்துக்கு அடிப்படையான நரம்புப் பாதையில் டோபமினுக்கு முதன்மைப் பங்கு உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. மது, நிகோட்டின், கோகெயின் மூன்றுமே அங்கு டோபமினைப் பெருக்குகின்றன. டோபமின் கொண்டுவரும் செய்தியை நரம்பணுக்கள் ஏற்பிகள் வழியே வாங்கிக்கொள்கின்றன. டி2 ஏற்பியின் மரபணு 1988இல் எலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரில் அது 11ஆம் குரோமோசோமில் உள்ளது.

1990: கண்டுபிடிப்பும் மறுப்பும்

1990 ஏப்ரலில் கென்னத் புளூம், எர்னஸ்ட் நோபிள் குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இறந்துபோன 70 பேரின் மூளைத் திசுக்களை அவர்கள் சோதித்திருந்தனர். அந்த 70 பேரில் 35 பேர் குடிநோயாளிகள். டி2 மரபணுப் பகுதியின் வடிவங்களைப் பிரித்தறிய டாக்-1 என்னும் நொதி பயன்பட்டது; அது டிஎன்ஏவில் டி-சி-ஜி-ஏ என்ற வரிசை வரும் இடத்தில் வெட்டும். அங்கு ஓர் எழுத்து மாறியிருந்தால் வெட்டு விழாது; துண்டு நீண்டிருக்கும். நீண்ட துண்டைத் தரும் வடிவம் ஏ1, குறுகியதைத் தருவது ஏ2. குடிநோயாளிகளில் 69 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 20 விழுக்காட்டினரிடமும் ஏ1 இருந்தது.

‘குடிநோய் மரபணு’ கிடைத்துவிட்டதாகப் பரபரப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதே இதழில் வெளியான மற்றொரு ஆய்வு, அத்தகைய தொடர்பு தென்படவில்லை என்றது. 1993இல் கெலர்ன்டர், கோல்ட்மன், ரிஷ் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு முக்கியமான ஐயத்தை எழுப்பினர். ஏ1 வடிவத்தின் பரவல் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறுகிறது. ஐரோப்பியரைவிடக் கிழக்காசியரிடம் அது ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். ஒப்பிடப்படும் இரு குழுக்களின் பூர்வீகம் வேறுபட்டால், நோயோடு தொடர்பில்லாத வேறுபாடுகூட நோயின் காரணம்போல் தோன்றிவிடும்.

முகவரி மாறிய மரபணு

ஏ1 உள்ளவர்களின் மூளையில் டி2 ஏற்பிகள் குறைவு என நோபிள் குழு 1991இல் அறிவித்தது. பின்வந்த மூளைப்பட ஆய்வுகளில் சில இதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. 2004இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. அந்த எழுத்து மாற்றம் டி2 மரபணுவுக்குள் இல்லை, அதை அடுத்துள்ள ஏஎன்கேகே1 என்ற மரபணுவுக்குள் இருக்கிறது என்று தெரியவந்தது. பதினான்கு ஆண்டுகளாக ஏற்பி மரபணுவின் பெயரில் பேசப்பட்ட மாறுபாடு உண்மையில் அண்டை மரபணுவினுடையது.

ஏற்பிகளின் அளவை மரபணு மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதும் இக்காலத்தில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தனித்தனியே வைக்கப்பட்டிருந்த குரங்குகளைக் கூட்டமாக வாழவிட்டனர். கூட்டத்தில் ஆதிக்கம் பெற்ற குரங்குகளில் டி2 ஏற்பிகளின் அளவு உயர்ந்தது; அவற்றைக் கோகெயின் அவ்வளவாக ஈர்க்கவில்லை. அடங்கிப்போன குரங்குகளோ கோகெயினை நாடின. 2002இல் வெளியான இம்முடிவு, சூழலும் ஏற்பிகளின் அளவை மாற்றவல்லது என்பதற்குச் சான்று.

பெருந்தரவுக் காலம்

2019இல் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மரபுத் தகவலை ஆராய்ந்தபோது, புகைப்பழக்கத்தோடும் மதுப்பழக்கத்தோடும் தொடர்புடைய 400க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தென்பட்டன. 2023இல் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரை உட்படுத்திய ஆய்வு, பல போதைப் பழக்கங்களுக்கும் பொதுவான அபாயத்தோடு தொடர்புடைய 19 மாறுபாடுகளைச் சுட்டியது. டோபமின் சமிக்ஞையை நெறிப்படுத்தும் மரபணுக்கள் அவற்றில் முக்கிய இடம் பெற்றன. டி2 மரபணுப் பகுதி ஆய்வின் மையத்துக்குத் திரும்பியது. ஆனால் தனியொரு மாறுபாட்டின் விளைவு மிகச் சிறியது.

முடிவுரை

1990ஆம் ஆண்டின் ஊகம் முற்றிலும் பொய்யாகவில்லை. டோபமினுக்கும் அடிமைத்தனத்துக்கும் மரபு வழியில் தொடர்பு உண்டு. ஒரே மரபணு ஒருவரைக் குடிநோயாளி ஆக்கும் என்ற நம்பிக்கைதான் தகர்ந்தது. ஏ1 இருக்கிறதா எனப் பார்த்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க இயலாது. குடிநோயாளியின் பிள்ளையை ‘அவன் ரத்தத்திலேயே ஊறியது’ என்று முத்திரை குத்துவதற்கு அறிவியலில் இடமில்லை. குடிநோய் சிகிச்சைக்குரிய நோய். குடும்பத்தில் அது இருந்தால் விழிப்போடு இருப்பதும், உரிய நேரத்தில் மருத்துவரை நாடுவதுமே இந்த ஆய்வுகள் காட்டும் வழி.