வானக் கரணமும் படக்கருவியும்

இலங்கையில் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது இராவணனின் புட்பக விமானமேயாகும். ஆனால் புட்பகம் எண்ணிய இடத்துக்குத் தானே செல்வது. அதனைச் செலுத்துவதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பழந்தமிழ்க் காப்பியங்களில் வரும் மற்றொரு ஊர்தி அத்தகையதன்று. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், தனக்கு வரவிருக்கும் கேட்டைத் தேவியின் கனவால் உணர்ந்த சச்சந்தன் என்னும் மன்னன், மயில் வடிவிலே பறக்கும் பொறியொன்றைச் செய்விக்கின்றான். திருகை வலப்புறம் திருப்பினால் பொறி மேலெழும். இடப்புறம் திருப்பினால் கீழிறங்கும். கருவுற்றிருந்த விசயை அதனை இயக்கப் பழகுகின்றாள். பகைவர் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அவளையும் அவள் வயிற்றிலிருந்த குழந்தையையும் காத்தது பொறி மட்டுமன்று. முன்னரே செய்த பயிற்சியுமாகும்.

பறத்தலின் வரலாற்றில் இந்தப் பயிற்சி என்னும் பகுதி பெரிதும் பேசப்படுவதில்லை. முதலிற் பறந்தவர் யார், விரைவாகப் பறந்தவர் யார் என்றே உலகம் கேட்கின்றது. பறந்தவர் எவ்வாறு பழகினார், பழகியதைப் பிறருக்கு எவ்வாறு எடுத்துரைத்தார் என்று கேட்பவர் சிலரே. இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடையைத் தருவது வானக் கரணம் எனப்படும் கலை. விமானத்தைத் தலைகீழாகச் செலுத்துதல், செங்குத்தான வளையமிடுதல், நீள்வாக்கில் உருளச் செய்தல், சுழன்று விழச்செய்து மீட்டல் ஆகிய வித்தைகளை ஒழுங்குபட ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டுவதே அக்கலையாகும்.

இக்கலை தொடங்கிய ஆண்டு 1913. அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் நாள், கீவ் நகரின் மேலே, இரசிய இராணுவ விமானி பியோத்தர் நெஸ்தெரொவ் முதன்முதலாக விமானத்தைச் செங்குத்து வளையமாகச் செலுத்தினார். அதற்குக் கிடைத்த முதற் பரிசு தடுப்புக் காவல். அரசாங்கச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். பின்னர் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அதே மாதத்தில் பிரான்சிய விமானி அடோல்ப் பெகூவும் வளையமிட்டார். அவர் அத்துணிவைப் பெற்ற விதம் கருதத்தக்கது. ஓகஸ்ட் மாதத்தில் அவர் பழைய விமானம் ஒன்றிலிருந்து பரசூட் மூலம் குதித்தார். ஆளின்றி விடப்பட்ட அந்த விமானம் வானிலே தானாகப் புரண்டு வளைந்து செல்வதைத் தொங்கியபடியே கண்டார். ஆளில்லாத விமானம் செய்யக்கூடியதை ஆளுள்ள விமானம் ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் அவருக்கு அப்போது உண்டாயிற்று.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. விமானத்தின் உள்ளே இருப்பவர் தாம் வரையும் கோலத்தைத் தாம் காண முடியாது. தரையிலிருப்பவரே அதனைக் காண்கின்றார். பெகூ தம் விமானத்தை விட்டு வெளியே வந்த பின்னரன்றோ அதன் இயல்பைக் கண்டார்! பிற்காலத்தில் வானக் கரணம் ஒரு போட்டியாக வளர்ந்தபோது இதுவே அதன் தலையாய சிக்கலாயிற்று.

முதலாவது உலகப் போட்டி 1960ஆம் ஆண்டு செக்கோசிலோவாக்கியாவின் பிரத்திஸ்லாவா நகரில் நடைபெற்றது. அந்நாட்டவரான லதிஸ்லாவ் பெசாக் அதில் வெற்றி பெற்றார். ஸ்பானியரான ஹொசே லூயிஸ் அரெஸ்தி ஒவ்வொரு கரணத்துக்கும் ஒரு குறியீட்டை வகுத்திருந்தார். இசைக்குச் சுர வரிசை அமைந்தாற்போல வானக் கரணத்துக்கு அக்குறியீடு அமைந்தது. 1964இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த உலகப் போட்டியில் அது கையாளப்பட்டது. தாம் செய்யவிருக்கும் கரணங்களை ஒரு சிறு அட்டையில் அக்குறியீடுகளால் வரைந்து, கண்ணெதிரே கருவிப் பலகையில் ஒட்டிக்கொண்டே போட்டியாளர் பறக்கின்றனர்.

போட்டிக்குரிய வான்வெளி எத்துணைப் பெரியது? நீளம் ஆயிரம் மீற்றர், அகலம் ஆயிரம் மீற்றர், உயரம் ஆயிரம் மீற்றர். இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து சிவனொளிபாத மலையை அண்ணாந்து பார்ப்போர் இதனை எளிதில் அளந்துகொள்ளலாம். அம்மலையின் உயரம் 2243 மீற்றர். அதிற் பாதிக்கும் குறைந்த உயரமுடைய ஒரு பெட்டிக்குள்ளேயே அத்தனை கரணங்களும் முடிந்துவிட வேண்டும். பெட்டிக்கு வெளியே சென்றால் புள்ளி குறையும்.

தரையில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் கோணத்தை நோக்குகின்றனர். ஏறும் கோடு 45 பாகை எனின் அது 45 பாகையாகவே இருத்தல் வேண்டும்; 5 பாகை பிசகினாற்கூடப் புள்ளி குறையும். சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோருக்கு இந்தக் கண்டிப்பு புதிதன்று. பட்டையில் இடும் வெட்டு உரிய சாய்வில் அமைய வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் புண்படும். அளவுகோலை வைத்துப் பார்க்க நேரமில்லாத அதிகாலை வேளையில், கையே அளவுகோலாகிவிடுகின்றது. அவ்வாறே கரணமிடும் விமானியின் கையும் காலும் அளவறிந்து இயங்க வேண்டும்.

அந்நிலையை அடைவதற்குரிய பயிற்சி தரையிலேயே தொடங்குகின்றது. போட்டிக் களத்தில் விமானிகள் புல்வெளியிலே கண்ணை மூடியவாறு நடப்பதையும், கையை விமானமாகப் பாவித்துத் திருப்புவதையும், உடலை வளைத்துத் தலையைச் சாய்ப்பதையும் காணலாம். அறியாதவர் அதனைப் பித்து என்று எண்ணக்கூடும். உண்மையில் அவர்கள் கரண வரிசை முழுவதையும் மனத்துள் ஓட்டிப் பார்க்கின்றனர். போட்டியில் ஒரு பகுதி முன்னறிவிக்கப்படாத வரிசையாகும். அதனை வானிற் பழகிப் பார்க்க இடமில்லை. ஆதலால் மனத்திற் பழகுவதே ஒரே வழி.

வானிலோ உடல் படும் பாடு பெரிது. விமானம் வளையத்தின் அடிப்பகுதியில் திரும்பும்போது விமானியின் எடை ஆறு மடங்காகவும் பெருகும். தலையிலிருந்து குருதி கீழிறங்க, கண் மங்கும். தலைகீழாகத் தள்ளும்போது அதற்கு மாறாகக் குருதி தலைக்கு ஏறும். இறக்கையின் நுனியில் பொருத்திய கம்பிச் சட்டம் ஒன்றைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கோணத்தை அறிகின்றார். இவற்றுக்கிடையே தாம் செய்த பிழையை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குதல் அரிது. எனவே தரையிலே நின்று பார்த்துச் சொல்லும் ஆசிரியர் ஒருவரும், உள்ளேயிருந்து பார்த்துச் சொல்லும் சாட்சி ஒன்றும் தேவைப்பட்டன. அச்சாட்சியே படக்கருவி.

விமானமும் திரைப்படமும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் பிறந்தவை. 1909ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உரோமாபுரிக்கு அருகேயுள்ள செந்தோசெல்லே என்னுமிடத்தில் வில்பர் ரைட் பறந்தபோது, படப்பிடிப்பாளர் ஒருவர் அவரோடு சென்று, பறக்கும் விமானத்திலிருந்து முதன்முதலாகத் திரைப்படம் எடுத்தார். 1927இல் வெளியான ‘விங்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தில், நடிகர்களே விமானத்தில் அமர்ந்து, தம் முன்னே பொருத்தப்பட்ட கருவியைத் தாமே இயக்கித் தம் முகத்தைப் படம்பிடித்தனர். அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதலாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். மேகம் இல்லாத வானத்தைப் படம்பிடிக்க அவர் மறுத்தார். பின்புலத்தில் மேகம் இல்லாவிடில் விமானத்தின் வேகம் பார்ப்பவருக்குப் புலப்படாது என்பது அவர் கண்ட உண்மை. மழை முகில்கள் மலையைத் தழுவிச் செல்லும் சப்பிரகமுவவில் வாழ்வோர் இதனை ஒப்புக்கொள்வர்.

சப்பிரகமுவ மண்ணும் படக்கருவியும் ஆபத்தும் சந்தித்த ஒரு நாள் உண்டு. கேகாலை மாவட்டத்தில், களனி கங்கையோரம் உள்ள கித்துள்கலையில், ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்துக்காக டேவிட் லீன் பெரிய மரப்பாலம் ஒன்றைக் கட்டுவித்தார். 1957 மார்ச் மாதத்தில், இரயில் வரும் வேளையில் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியை எடுக்க முனைந்தனர். பாலம் ஒன்றே, ஆதலால் காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லை. பல திசைகளிற் கருவிகள் வைக்கப்பட்டன. படப்பிடிப்பாளர் ஒவ்வொருவரும் கருவியை முடுக்கிவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றதும் சமிக்ஞை தர வேண்டும் என்பது ஏற்பாடு. இரயில் புறப்பட்டது. ஒருவரிடமிருந்து மட்டும் சமிக்ஞை வரவில்லை. லீன் வெடியை நிறுத்தினார். இரயில் தகராத பாலத்தைக் கடந்தோடி, மறுகரையில் இருந்த மின்னாக்கி இயந்திரத்தில் மோதிச் சிதைந்தது. அதனைச் சீர்ப்படுத்தி, மறுநாட் காலையில், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பார்த்திருக்கப் பாலத்தைத் தகர்த்தனர். உலகம் புகழ்வது அந்த இரண்டாம் நாளை. ஆயினும் போற்றத்தக்கது முதல் நாளேயாகும். ஒரு காட்சியை இழந்தாலும் ஓர் உயிரை இழக்கலாகாது என்று ஒரு மனிதர் நொடிப்பொழுதில் முடிவு செய்தார்.

தரையில் இத்தகைய முடிவைச் செய்யப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். வானில் விமானி தனியர். 1951ஆம் ஆண்டு இலங்கை தனக்கென விமானப்படையை அமைத்தபோது அது முதலிற் பெற்ற விமானம், கனடாவில் உருவான சிப்மங்க் என்னும் பயிற்சி விமானம். அதே வகை விமானத்தை வலுவான இயந்திரம் பொருத்தி மாற்றியமைத்து, வானக் கரணத்திற் புகழ்பெற்றவர் அமெரிக்கரான ஆர்ட் ஷோல். தம் நாட்டின் சார்பில் அவர் உலகப் போட்டிகளிற் பங்குபற்றினார், திரைப்படங்களுக்காகவும் பறந்தார். 1985 செப்டெம்பர் 16ஆம் நாள், ‘டொப் கன்’ என்னும் படத்துக்காக, பிட்ஸ் வகை விமானத்திற் கருவியைப் பொருத்திக்கொண்டு, கலிபோர்னியக் கரைக்கு அப்பால் விமானத்தைத் தட்டைச் சுழலில் விழச்செய்தார். பலமுறை பழகிய வித்தை அது. இம்முறை விமானம் சுழலிலிருந்து மீளவில்லை. தமக்குச் சிக்கல் நேர்ந்துவிட்டதென்று வானொலியிற் கூறினார். பின்னர் பசுபிக் கடல் அவரை விழுங்கிற்று. உடலும் விமானமும் மீட்கப்படவில்லை. எல்லாவற்றையும் உள்ளிருந்து கண்ட சாட்சியும் கடலோடு போயிற்று. விபத்தின் காரணம் இன்றுவரை புலப்படவில்லை.

இதற்கு எதிரான நிகழ்ச்சி ஒன்று 1970 ஜூன் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்தது. உலகப் போட்டிக்காக ஹலவிங்டனில் பயிற்சி செய்துகொண்டிருந்த நீல் வில்லியம்ஸ், வளையம் ஒன்றிலிருந்து மீளும்போது, அவருடைய ஸ்லின் விமானத்தின் இடது இறக்கை மேல்நோக்கி மடியத் தொடங்கிற்று. இறக்கையின் அடித்தண்டு உலோகச் சோர்வால் முறிந்திருந்தது. குதிப்பதற்கு அவரிடம் பரசூட் இல்லை. அந்தக் கணத்தில், பல்கேரிய விமானி ஒருவருக்கு இதுபோன்று நேர்ந்த விபத்தைப் பற்றி முன்பு கேட்டது அவர் நினைவுக்கு வந்தது. உடனே விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். காற்றின் அழுத்தம் மறுபுறம் தாக்க, மடிந்த இறக்கை தன் இடத்துக்குத் திரும்பிற்று. தலைகீழாகவே பறந்து வந்து, தரைக்கு மிக அருகில் விமானத்தை நிமிர்த்தி, மோதி இறங்கி, விமானத்தை விட்டு நடந்தே வெளியே வந்தார். எவரோ சொன்ன ஒரு கதை, செவிவழி வந்த ஓர் அநுபவம், ஓர் உயிரைக் காத்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வைத்து எண்ணத்தக்கவை. படக்கருவி கண்டது கடலுக்குள் மறைந்தது. மனிதர் வாயாற் சொன்னது அடுத்தவரைக் காத்தது. படக்கருவி பயனற்றதென்று இதனாற் கொள்ளலாகாது. விரலளவுக் கருவிகள் இன்று விமானியின் தோளுக்குப் பின்னும் இறக்கையின் நுனியிலும் பொருத்தப்படுகின்றன. பயிற்சி முடிந்து இறங்கியதும், வளையத்தின் எந்த இடத்திற் கை தளர்ந்தது, எந்தக் கோட்டில் இறக்கை சாய்ந்தது என்று விமானியும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கின்றனர். பெகூவுக்கு விமானத்தை விட்டுக் குதித்த பின் கிடைத்த காட்சி, இன்று குதிக்காமலே கிடைக்கின்றது. ஆயின் படக்கருவிக்கு ஒரு குறையுண்டு. தான் காண்பதைப் போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் சிறிது தாழ்வாக என்று அது மனிதனைத் தூண்டிக்கொண்டேயிருக்கும். போதும் என்று சொல்ல வேண்டியவர் மனிதரே.

கித்துள்கலைக்குச் செல்வோர் அந்தப் பாலத்தின் அடித்தளங்களை ஆற்றங்கரையில் இன்றும் காணலாம். படத்தின் புகழை நாடியே பலரும் அங்கு வருகின்றனர். வராத சமிக்ஞை ஒன்றுக்காகக் கை பின்வாங்கிய அந்த முதல் நாளுக்கு அங்கே நினைவுக்கல் எதுவும் தேவையில்லை. விசயை பழகியது மேலெழும் திருகை மட்டுமன்று. கீழிறங்கும் திருகையையும் பழகினாள். பறக்கக் கற்பவர் அனைவரும் மறவாது பயில வேண்டியதும் அந்த இரண்டாவது திருகையே.