1881-ல் ஒரு காகிதச் சுருள், 2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1881 டிசம்பர் 31 அன்று மெட்ராஸுக்கு ஒரு சுனாமி வந்தது. கார் நிக்கோபார் பக்கம் கடலடியில் ஏற்பட்ட பூகம்பம்தான் காரணம், அதன் அளவு 7.9. அப்போதைய கருவி ரொம்ப எளிமையானது. தண்ணீரில் ஒரு மிதவை, அதோடு இணைந்த பேனா, சுழலும் உருளையில் காகிதம், அவ்வளவுதான். வங்கக் கடலைச் சுற்றி எட்டு இடங்களில் அலை பதிவானது. அதிகபட்ச உயரம் 0.8 மீட்டர். அடுத்த சில வருஷங்களில் சர்வே ஆஃப் இந்தியாவின் ரோஜர்ஸும் புவியியல் ஆய்வுத் துறையின் ஓல்டாமும் இதைப் பற்றி எழுதி வைத்தார்கள்.

அந்தக் கோடுகளை 2003-ல் ஓர்டிஸ், பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் கணினிக்குக் கொண்டுபோனார்கள். கடலடி எங்கே, எவ்வளவு பெயர்ந்திருந்தால் இந்த அலை வரும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அதாவது, கால்தடத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை.

கணக்கின் அடிப்படையை நாமே போட்டுப் பார்க்கலாம். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர். கார் நிக்கோபாரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஆக, இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6.28-க்கு சுமத்ரா அருகே தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை ஓடியது. ஒன்பது மணி வாக்கில் அலை சென்னைக் கரையைத் தொட்டது. எண்ணூர், காத்திவாக்கம் குப்பங்களுக்குள்ளும் கடல் புகுந்தது. எர்ணாவூரில் இன்றும் ‘சுனாமி குடியிருப்பு’ என்றே ஓர் இடத்துக்குப் பெயர். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. அதைக் கரைக்குச் சொல்லும் அமைப்புதான் நம்மிடம் இல்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் அந்த அமைப்பு வந்தது. பூகம்பம் வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட நேரம் போதாது. கடலைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் அலையை ஓட்டுகிறார்கள். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்காகும், கட்டங்கள் நான்கு மடங்கு, நேரப்படிகள் இரண்டு மடங்கு. அதனால்தான் ஆயிரக்கணக்கான கற்பனைப் பூகம்பங்களுக்கு முன்கூட்டியே விடை கண்டு சேமித்து வைக்கிறார்கள். நிஜப் பூகம்பம் வந்ததும் அதற்கு நெருக்கமான விடையை எடுக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை.

ஆனால் எத்தனை பெரிய கணினியாக இருந்தாலும், கடைசி சில நூறு மீட்டரில் அதற்குத் தேவை சரியான ஆழ வரைபடம். பத்து மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறையும், உயரம் கூடும். எண்ணூர்க் கழிமுகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் அடைக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைகிறது, வடக்கே 2001-லிருந்து துறைமுகம் இருக்கிறது. பழைய ஆழத்தைக் கொடுத்தால் பழைய ஊருக்கான விடைதான் கிடைக்கும்.

என் பார்வையில், அடுத்த செலவு கணினிக்கு மட்டும் போகக்கூடாது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் ஆழத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும். எங்கே படகு தட்டும் என்று தெரிந்த மீனவர்களைக் கூட வைத்துக்கொண்டே அளக்கலாம். மெட்ராஸில் அந்தப் பேனா வரைந்த கோடு 122 வருஷம் கழித்து உதவியது. இன்று அளந்து வைப்பதும் அப்படித்தான் உதவும்.