உறுதிமொழியும் கையொப்பமும்: இராபர்ட் போல்ட்டின் நாடக, திரைக்கதை வாழ்வில் மனச்சான்றுச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாடக அரங்கிலும் திரைப்படத்திலும் ஒருசேரப் புகழ்பெற்ற பிரித்தானிய எழுத்தாளர் இராபர்ட் போல்ட் (1924-1995). அரசுக்கு உடன்பட மறுத்து உயிர்துறந்த தாமஸ் மோரை நாடகமாக்கிய அவர், அடுத்த ஆண்டே சிறையில் நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தில் கையொப்பமிட்டு வெளிவந்தார். இந்த முரணைக் கொண்டு அவரது வாழ்வும் எழுத்தும் பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீடு போதுமானதன்று என்பதையும், மறுத்தவரைப் போலவே உடன்பட்டவரும் அவரது படைப்புகளில் தொடர்ந்து இடம்பெறுகிறார் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இராபர்ட் போல்ட், தாமஸ் மோர், வரலாற்று நாடகம், திரைக்கதை, மனச்சான்று, சாதாரண மனிதன்.

முன்னுரை

வரலாற்று நாடகம் கடந்த காலத்தைப் பேசினாலும் அது எழுதப்பட்ட காலத்தின் கேள்விகளையே சுமந்து நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் அணு ஆயுதமும் பனிப்போரும் தனிமனிதனுக்கும் அரசுக்குமான உறவைக் கேள்விக்கு உள்ளாக்கின. போல்ட்டின் படைப்புகள் இச்சூழலில் தோன்றியவை.

இளமையும் ஆசிரியப் பணியும்

போல்ட் 1924 ஆகஸ்டு 15 அன்று மான்செஸ்டரை அடுத்த சேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அறைகலன் கடை நடத்தியவர். தாய் பள்ளி ஆசிரியை. மெதடிஸ்ட் சமய ஒழுங்கில் வளர்ந்த போல்ட், இளமையில் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து சில ஆண்டுகளில் விலகினார். காப்பீட்டு அலுவலகப் பணி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் படிப்பு, போர்க்காலப் படைப்பணி ஆகியவற்றுக்குப் பின் ஆசிரியரானார். சாமர்செட்டிலுள்ள மில்ஃபீல்டு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தபடியே வானொலி நாடகங்கள் எழுதினார். 1957இல் இலண்டனில் அரங்கேறிய 'ஃபிளவரிங் செர்ரி' பெற்ற வெற்றியே அவரை முழுநேர எழுத்தாளராக்கியது. சமயப் பற்று, கட்சிப் பற்று ஆகிய இரண்டையும் ஏற்று, பின் இரண்டிலிருந்தும் விலகிய ஒருவரே உறுதிமொழியின் பொருளை ஆராயும் நாடகத்தை எழுதினார் என்பது கருதத்தக்கது.

மோர் நாடகமும் அதன் கட்டமைப்பும்

'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' 1954இல் வானொலி நாடகமாகத் தொடங்கி, 1960 சூலையில் இலண்டன் குளோப் அரங்கில் மேடையேறியது. பால் ஸ்கோஃபீல்டு மோராக நடித்தார். எட்டாம் ஹென்றியின் மறுமணத்தை ஏற்கும் வாரிசுரிமைச் சட்ட உறுதிமொழியை 1534இல் மறுத்து, 1535 சூலை 6 அன்று தலை வெட்டப்பட்ட மோரின் கதை இது.

நாடகத்தின் முன்னுரையில் போல்ட் தம்மைக் கத்தோலிக்கராகக் கருதவில்லை. உறுதிமொழி என்பது ஒருவன் தன்னையே பிணையாக வைப்பது என்றும், அவ்வாறு வைப்பதற்கு 'தான்' என்ற ஒன்று இருத்தல் வேண்டும் என்றும் அவர் விளக்குகிறார். எனவே அவருடைய மோர் சமயத் தியாகியாக அன்றி, தன்னிலை காத்தவராகவே அமைகிறார். இதற்கு ஒரு விலையும் உண்டு. மோர் தலைமை அமைச்சராக இருந்த 1529-1532 காலத்தில் சமய எதிர்ப்பாளர்கள் எரிக்கப்பட்டனர். இச்செய்தி நாடகத்தில் வலுப்பெறவில்லை. வரலாற்று மோரையும் நாடக மோரையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

நாடகத்தின் மற்றொரு தனித்தன்மை 'சாதாரண மனிதன்' என்னும் பாத்திரம். பணியாள், படகோட்டி, விடுதிக்காரன், சிறைக்காவலன், நடுவர்குழுத் தலைவன், கொலையாளி என வேடம் மாற்றும் இவனே பார்வையாளரிடம் கதையையும் எடுத்துரைக்கிறான். பிரெக்ட்டின் அரங்க முறையை ஒட்டியது இவ்வுத்தி. எதற்கும் உடன்பட்டு உயிர்பிழைக்கும் இவனிடம் பார்வையாளர் தம்மையே காண நேர்கிறது.

1961: சிறையும் கையொப்பமும்

அணு ஆயுத எதிர்ப்பில் பெர்ட்ரண்டு ரஸல் முன்னின்ற 'நூற்றுவர் குழு'வில் போல்ட்டும் உறுப்பினர். 1961 செப்டம்பரில் டிராஃபல்கர் சதுக்கப் போராட்டத்துக்குச் சில நாள் முன்பாக, அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தருமாறு குழுவினருக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. மறுத்தவர்கள் சிறை சென்றனர். 89 வயது ரஸலும் நாடகாசிரியர் ஆர்னால்டு வெஸ்கரும் அவர்களுள் அடங்குவர். போல்ட்டுக்கு ஒரு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது.

அப்போது டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது; திரைக்கதையோ முடிவடையவில்லை. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல், படப்பணியும் பலரின் பிழைப்பும் தடைப்படுவதை எடுத்துக்கூறி வற்புறுத்தினார். போல்ட் தண்டனைக்காலம் முடியும் முன்பே கையொப்பமிட்டு வெளிவந்தார். அதற்காகப் பின்னாளில் வருந்தினார். அதே ஆண்டு நவம்பரில் மோர் நாடகம் நியூயார்க்கில் தொடங்கி 637 முறை நிகழ்த்தப்பட்டது.

இம்முரணைக் கோழைத்தனம் என்று மட்டும் கூறி முடித்தல் எளிது. மோரின் மறுப்பு அவரது குடும்பத்தை வறுமையில் தள்ளியதை நாடகமே காட்டுகிறது. மறுப்பின் சுமையைப் பிறர் சுமக்க நேரும்போது மனச்சான்று யாருக்குக் கடன்பட்டது என்ற கேள்வி, ஆசிரியர் சிறைசெல்லும் முன்பே நாடகத்தினுள் இருந்தது.

திரைக்கதை ஆசிரியரும் பெயர் உரிமையும்

'லாரன்ஸ்' படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதியவர் மைக்கேல் வில்சன். அமெரிக்காவின் பொதுவுடைமை எதிர்ப்புக் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்ற அவரது பெயர் 1962இல் வெளியான படத்தில் இல்லை. போல்ட்டின் பெயர் மட்டுமே இருந்தது. வில்சனின் பங்கை ஆஸ்கர் அகாதெமி 1995இல்தான் ஏற்றது. வில்சன் 1978இலேயே மறைந்துவிட்டார். தன்னிலையை ஆராய்ந்த எழுத்தாளரின் புகழில் மற்றொருவரின் பெயரழிப்பும் கலந்துள்ளதை வரலாறு பதிவுசெய்தாக வேண்டும்.

போல்ட் 'டாக்டர் ஷிவாகோ' (1965), 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' (1966) ஆகிய படங்களுக்காக அடுத்தடுத்து ஆஸ்கர் விருது பெற்றார். பிரெட் ஜின்னமன் இயக்கிய பின்னைய படத்தில் 'சாதாரண மனிதன்' நீக்கப்பட்டான். திரையில் மோரின் உறுதி ஒளிர்கிறது. ஆனால் பார்வையாளரை நோக்கித் திரும்பிய கேள்வி மறைந்துவிடுகிறது. மேடையும் திரையும் ஒரே கதையை வேறுவேறு அறமாக மாற்றுவதற்கு இது தக்க சான்று.

உடன்பட்டவரின் குரல்

எடுத்துரைப்பாளராக அமையும் உடன்பட்டவர் பின்னாளில் மீண்டும் தோன்றுகிறார். 1977இல் தேசிய அரங்கில் மேடையேறிய 'ஸ்டேட் ஆஃப் ரெவல்யூஷன்' உருசியப் புரட்சியை, அதன் கொடுமைகளுக்கு இசைந்து வாழ்ந்த லூனசார்ஸ்கியின் உரைவழி சொல்கிறது. 1979இல் பக்கவாதம் போல்ட்டின் பேச்சையும் உடலியக்கத்தையும் பாதித்தது. அதன்பின் வெளியான 'தி மிஷன்' (1986) கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. குவாரனி மக்களின் குடியிருப்புகளைக் கைவிட ஒப்பிய கர்தினால் அல்தமிரானோவின் கடிதமாக இப்படம் விரிகிறது. மறுத்த பாதிரியார்கள் இறக்கின்றனர்; உடன்பட்டவரே எஞ்சி நின்று சாட்சி சொல்கிறார்.

முடிவுரை

போல்ட் 1995 பிப்ரவரியில் மறைந்தார். 1961இன் கையொப்பத்தை அவரது படைப்புகளுக்கு எதிரான சான்றாகக் கொள்வது மரபு. எனினும் எடுத்துரைக்கும் 'சாதாரண மனிதன்' 1960இலேயே படைக்கப்பட்டுவிட்டான் என்பதால், பிற்காலப் பாத்திரங்களை வெறும் குற்றவுணர்வின் விளைவாகக் கொள்ள இயலாது. மறுப்பவரை வியந்து, உடன்படுபவர் வழியாகச் சொல்வது தொடக்கம் முதலே அவரது முறையாக இருந்தது. மோரைப் போன்றோர் அரியர். அவர்தம் கதையைச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் கையொப்பமிட்டு எஞ்சியவர்களிடமே வந்து சேர்கிறது என்பதை அவரது படைப்புகள் உணர்த்துகின்றன.