வவுனியா ராடரும் வெண்குழியங்களும்

வன்னிப் போரைப் பற்றி எழுதியோர் எறிகணைகளைப் பற்றி எழுதியுள்ளனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையைப் பற்றி எழுதியோரை நான் கண்டதில்லை. 2008 செப்டெம்பர் 9 அதிகாலை, வவுனியாவிலிருந்த வன்னிப் படைத் தலைமையகத்தை விடுதலைப் புலிகள் தரைவழியாகவும் வான்வழியாகவும் தாக்கினர். அங்கிருந்த ராடரும், காயமடைந்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவரும் அன்று தலைப்புச் செய்தியாயினர். ராடரின் அலை மனித உடலை என்ன செய்யும் என்று கேட்பதற்கு அன்று எவருக்கும் அவகாசமிருக்கவில்லை.

அக்கேள்வியோ ராடரளவுக்குப் பழையது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிவாட் வரை தீங்கில்லை என்றது. சோவியத் ஒன்றியம், முழு வேலைநாளுக்கு 10 மைக்ரோவாட்டுக்கு மேல் கூடாது என்றது. இடைவெளி ஆயிரம் மடங்கு! உடல் சூடேறுவதையே அமெரிக்கர் தீங்காகக் கொண்டனர். சூடேறாமலே நிகழக்கூடிய மாற்றங்களையும் சோவியத் அறிஞர் கணக்கிலெடுத்தனர்.

குருதியிலுள்ள வெண்குழியங்கள் கிருமிகளை எதிர்க்கும் நமது காவற்படை. அவற்றில் ஒருவகையான நிணநீர்க்குழியங்களை நுண்ணலைக்கு உட்படுத்தியபோது, அவை பிளவுக்கு முந்திய பெருங்கலங்களாக மாறியதாகப் போலந்து ஆய்வாளர் ஸ்டொடோல்னிக்-பரான்ஸ்கா 1967இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது அலையின் வேலையா, வெப்பத்தின் வேலையா என்ற விவாதம் தொடர்ந்தது. குறைந்த செறிவிலும் எலிகளின் நோயெதிர்ப்பு மாறுவதாக 1970களில் சோவியத் ஆய்வாளர் அறிவித்தனர். பல்லாண்டுகளின் பின் அப்பரிசோதனை பிரான்சிலும் ரஷ்யாவிலும் மீளச் செய்யப்பட்டது. பிரெஞ்சுக் குழு 2009இல் பாதிப்பெதையும் காணவில்லை. ரஷ்யக் குழு 2010இல் சில மாற்றங்களைக் கண்டதாகக் கூறியது. ஒரே பரிசோதனைக்கு இரு தீர்ப்புகள்!

2009இன் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. உண்மையில், தொலைவிலுள்ள கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டிய கைபேசியிலிருந்தே தலைக்குக் கூடுதலான அலை சேர்கிறது. ராடரின் அலைக்கோ கோபுரத்தின் அலைக்கோ அணுக்கதிர்போல மரபணுவை உடைக்கும் ஆற்றலும் இல்லை. எனினும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கும் சாத்தியமுள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தது. அது உறுதியான தீர்ப்பன்று, எச்சரிக்கை மட்டுமே.

போரின்போது வன்னி மக்களிடம் எவரும் எதையும் கேட்டதில்லை, எதையும் விளக்கியதுமில்லை. தம் வளவருகே எழும் கோபுரத்தின் அலைச்செறிவு எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட எல்லை எவ்வளவு என்பதையேனும் அவர்கள் தமிழில் அறிந்துகொள்ள வேண்டும். அந்த இரு எண்களையும் ஊரறிய எழுதிவைப்பது பெரிய செலவல்ல.